மாற்றுக் குடலுக்குக் கொழுப்பு மட்டும் ஏன் சிரமம்?

சிறுகுடல் மாற்று அறுவையில் தமனியையும் சிரையையும் தைத்து இணைப்பார்கள். ரத்தம் பாய்ந்ததும் வெளிறிக் கிடந்த குடல் சிவக்கும். ஆனால் நிணநீர்க் குழாய்கள்? மிக மெல்லிய அந்த இழைகளைப் பொதுவாகத் தைப்பதில்லை, அறுந்தபடியே விடுகிறார்கள். சிக்கல் இங்கேதான். சர்க்கரையும் அமினோ அமிலங்களும் ரத்தம் வழியே கல்லீரலுக்குப் போய்விடும். நாம் உண்ணும் எண்ணெய், நெய்யின் பெரும்பகுதியோ நிணநீரில்தான் பயணிக்க வேண்டும். பாதை அறுந்திருப்பதால், கொழுப்பு கலந்த பால்நிற நீர் வயிற்றறைக்குள் கசியலாம். அதனால் தொடக்க வாரங்களில் வழக்கமான கொழுப்பைக் குறைத்து, தேங்காய் எண்ணெயிலிருந்து பிரித்தெடுக்கும் நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பைத் தருவதுண்டு. அது பெரும்பாலும் நேரே ரத்தத்தில் சேரும். என்னை வியக்கவைப்பது இதற்குப் பின் நடப்பது: யாரும் தைக்காத அந்த இழைகள் சில வாரங்களில் தாமாகவே வளர்ந்து, மறுமுனையைத் தேடி இணைந்துகொள்கின்றன.