மரை வேட்டையும் மலிவான குறிநோக்கியும்

‘குறி’ என்பது தமிழிற் பல பொருள் குறித்த ஒரு சொல். அடையாளமும் குறி, எய்வோன் கொள்ளும் இலக்கும் குறி, குறிஞ்சி நிலத்துக் கட்டுவிச்சி நெல்லிட்டுச் சொல்லும் செய்தியும் குறி, இலக்கண நூலார் ஒரு பொருளுக்கு இடும் பெயரும் குறி. இவையனைத்தையும் ஒரு நூலிற் கோத்து நிற்கும் கருத்து யாதெனின், பலவற்றுள் ஒன்றைப் பிரித்து அறிதலேயாம். றைபிள் துவக்கின் முதுகிற் பொருத்தப்படும் சிறிய தொலைநோக்குக் குழலுக்குக் ‘குறிநோக்கி’ எனப் பெயரிடலாம் என யான் கருதுவது இதுபற்றியே. தொலைவிலுள்ளதை அண்மையிற் காட்டுவது மட்டும் அதன் தொழிலன்று. சுடத்தக்கது எது, தகாதது எது எனப் பிரித்துக் காட்டுவதும் அதன் தொழிலாகும்.

தமிழ் கற்பிக்கும் ஒருவனுக்குத் துவக்கோடு என்ன தொடர்பு என வாசகர் வினவுதல் இயல்பே. எஹலியகொடைக்கு அணித்தாயுள்ள றப்பர்த் தோட்டமொன்றிற் பிறந்து, என்னிடம் தமிழ் கற்று, இப்போது அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகரில் வாழும் மாணவர் ஒருவர் அண்மையில் எனக்கொரு கடிதம் எழுதியிருந்தார். அங்கே மான் வேட்டைக்குரிய அனுமதிச் சீட்டுப் பெற்றிருப்பதாகவும், சிறு பொருள் கொண்டு ஒரு குறிநோக்கி வாங்க எண்ணியிருப்பதாகவும், கடைக்காரர் கூறும் சொற்களுள் பாதி விளங்கவில்லை என்றும், அவற்றைத் தமிழில் விளக்கினால் நலமென்றும் அவர் கேட்டிருந்தார். பௌதிகம் கற்பிக்கும் நண்பர் ஒருவரைத் துணைக்கொண்டு, நூல்களை வைத்து ஆராய்ந்து யான் எழுதிய மறுமொழியின் சாரமே இக்கட்டுரை.

கடல் கடந்த மரை

முதற்கண் வேட்டைப் பொருளைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். என் மாணவர் தேடிச் செல்லும் விலங்கு நமக்குப் புதியதன்று. அது மரை; ஆங்கிலேயர் இந்நாட்டில் ‘எல்க்’ எனப் பிழைபட அழைத்த பெருமான். 1848ஆம் ஆண்டு நுவரெலியாவிற் குடியேறிய சாமுவேல் பேக்கர், நாய்க்கூட்டமும் கத்தியும் கொண்டு மலைநாட்டில் வேட்டையாடியது இம்மரையையே. ஹோட்டன் சமவெளிக்குச் செல்வோர் காணும் பேக்கர் நீர்வீழ்ச்சி அவர் பெயரால் வழங்குவது.

1860களில், ஆங்கிலேயர் தாம் குடியேறிய விக்டோரியா மாநிலத்திற் பிற நாட்டு விலங்குகளைப் பழக்கி வளர்க்க முனைந்தபோது, இலங்கை மரைகளும் கப்பலேறின. 1875ஆம் ஆண்டளவில் நியூசிலாந்துக்கும் இங்கிருந்து மரை சென்றது. சென்றவை சிலவே. விக்டோரியாவின் மலைக்காடுகளில் அவை பல்கிப் பெருகி, இளமரங்களைக் கடித்தும் பட்டையுரித்தும் காட்டுக்கே கேடு விளைக்கும் நிலைக்கு வந்துவிட்டன. ஆகவே, அனுமதிச் சீட்டுடையார் மரையைத் தேடிச் சென்று சுடுதலை அம்மாநிலச் சட்டம் ஆண்டு முழுவதும் ஏற்கின்றது. ஆயினும் அங்கும் வரம்புண்டு. ஞாயிறு மறைந்து அரை மணி கழிந்த பின்னும், எழுவதற்கு அரை மணிக்கு முன்னும் வேட்டையாடல் ஆகாது. குண்டின் விட்டம் .270 அங்குலத்திற் குறைதலும், அதன் எடை 130 கிறேனிற் குறைதலும் ஆகா. பெரிய விலங்கைச் சிறிய குண்டாற் புண்படுத்தி ஓடவிடலாகாது என்பதே அவ்விதியின் உட்கருத்து.

நம் நாட்டு நிலை முற்றிலும் வேறு. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் பிந்திய திருத்தங்களும் மரை, புள்ளிமான், கேளையாடு, சருகுமான் ஆகிய அனைத்தையும் காக்கின்றன. எனவே இங்கே கூறப்புகுவது இந்நாட்டு வேட்டைக்கு வழிகாட்டுதல் அன்று என்பதை மாணவர் மனங்கொள்க. தாயகத்திற் காக்கப்படும் உயிர், குடியேறிய நாட்டிற் கேடாய் நிற்பதும், இங்கிருந்து சென்ற தமிழ் இளைஞன் இங்கிருந்து சென்ற மரையை அங்கே எதிர்ப்படுவதும் காலத்தின் விளையாட்டே.

தவறுதலும் புண்படுத்தலும்

வள்ளுவர் படைச்செருக்கு என்னும் அதிகாரத்தில் முயலை வீழ்த்திய அம்பையும் யானையைத் தவறிய வேலையும் ஒப்பிட்டு, பின்னதற்கே பெருமை தருகின்றார். அது போர்க்களத்து மறவனை நோக்கிய கூற்று. வேட்டுவனுக்கு அவ்வளவை பொருந்தாது. பெரிய விலங்கின்மேற் குறி முற்றத் தவறினால் இழப்பு ஒரு தோட்டா. பாதி தவறினாலோ, ஓர் உயிரின் நெடுந்துன்பம்.

என் தகப்பனார் இளமையில் தோட்டத்துத் துரையொருவருக்குத் துவக்குச் சுமந்தவர். ஒரு மாலை, மங்கிய வெளிச்சத்தில் துரை சுட்ட கேளையாடு விழாமல் ஓடியது. மழை வந்து குருதித் தடத்தைக் கழுவிவிட்டது. தகப்பனாரும் மற்றிருவரும் அரிக்கன் விளக்கோடு ஓடைக்கரையெங்கும் தேடினர். அது கிடைத்தது மறுநாட் பகலில். அப்போதும் உயிர் இருந்தது. “சுட்டவர் பங்களாவில் உறங்கினார், அது இரவு முழுதும் உறங்கவில்லை” என்று தகப்பனார் கூறுவதுண்டு. விலையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அந்தக் கேளையாடே என் நினைவில் நிற்கும். மலிவு என்பது வாங்குவோன் கணக்கு. அம்மலிவின் குறையைச் செலுத்துவது விலங்காக இருத்தல் ஆகாது.

ஒளியும் கண்மணியும்

குறிநோக்கியில் முன்னுள்ளது பொருள்வில்லை, பின்னுள்ளது கண்வில்லை, இடையே குறுக்கிழைகள். கடைக்காரர் ‘மூன்று முதல் ஒன்பது, நாற்பது’ என்பார். உருப்பெருக்கத்தை 3 மடங்கிலிருந்து 9 மடங்கு வரை மாற்றலாம், பொருள்வில்லையின் விட்டம் 40 மில்லிமீற்றர் என்பது அதன் பொருள்.

பெருக்கம் மிகுந்தால் நன்று எனப் புதியோர் எண்ணுவர். அஃது அவ்வாறன்று. 9 மடங்கிற் பார்க்கும்போது, 3 மடங்கிற் கண்ட அகலத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே தோன்றும். கையின் நடுக்கமும் அம்மடங்கே பெருகித் தோன்றும். விக்டோரியாவின் அடர்ந்த காட்டில் மரை பெரும்பாலும் அண்மையிலேயே, திடுமெனத் தோன்றுவது. அப்போது வேண்டுவது அகன்ற காட்சியே. 2 முதல் 7, அல்லது 3 முதல் 9 வரையுள்ள குழல் போதும். மாறாத 4 மடங்குக் குழலும் போதும். உறுப்புக் குறைந்த கருவியிற் பழுதும் குறைவு. அதே விலைக்கு அதில் நல்ல கண்ணாடி கிடைத்தலும் கூடும்.

இனி ஒளி. பொருள்வில்லையின் விட்டத்தைப் பெருக்கத்தால் வகுத்தால், கண்ணை வந்தடையும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும். 40ஐ 4ஆல் வகுக்க 10. 9ஆல் வகுக்க 4.4. இளைஞனின் கண்மணி இருளில் ஏறத்தாழ 7 மில்லிமீற்றர் விரியும். என் வயதினர்க்கு 5 அளவிலேயே நின்றுவிடும். கண்மணியினும் பெரிய கற்றை வந்தாலும் மிகுதி பயன்படாது. சிறிய கற்றை வந்தாற் காட்சி மங்கும். மான்கள் நடமாடுவது வைகறையிலும் அந்தியிலும் ஆதலின், அவ்வேளையிற் பெருக்கத்தைக் குறைத்து வைத்தலே அறிவுடைமை. 56 மில்லிமீற்றர்ப் பெருவில்லைக்குப் பொருளிறைத்தல் வேண்டா.

ஒளியைத் தின்னும் வேறொரு பகையும் உண்டு. பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு முகமும் தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு நான்களவு திருப்பிவிடும். பத்து முகங்கள் இருப்பின், மூன்றிலொரு பங்கு ஒளி வழியிலேயே போய்விடும். 1935ஆம் ஆண்டில் ஜெர்மனியின் சைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மக்குலா கண்ட மெல்லிய பூச்சு இக்குறையைப் பெரிதும் நீக்கியது. மலிவான குழல்களிற் சில, வெளிமுகத்துக்கு மட்டும் பூச்சிட்டு நிறுத்திவிடும். எல்லா முகங்களுக்கும் பல படைப் பூச்சு உண்டோ எனக் கேட்டல் முதற்கடமை. கடையின் மின்னொளியில் எல்லாக் குழலும் தெளிவாகவே தோன்றும். மாலை மங்கும் வேளையில் வாசலுக்கு வந்து, தொலைவிலுள்ள மரநிழலை நோக்குக. இலையும் கிளையும் பிரிந்து தெரிகின்றனவா என்பதே உரைகல்.

உதையும் ஈரமும்

மரைக்குரிய துவக்கு வலிய பின்னுதைப்பு உடையது. கண்ணுக்கும் குழலுக்கும் இடையே மூன்றரை அங்குலமேனும் இடம் விட்டு முழுக்காட்சி தெரிதல் வேண்டும்; இன்றேற் குழலின் விளிம்பு புருவத்தைப் பிளக்கும். அவ்வுதையால் உள்ளிருக்கும் குறுக்கிழை நிலைபெயராதிருத்தல் அதனினும் இன்றியமையாதது. பெரும்பாலான குழல்களில், திருகை ஒரு சொடுக்குத் திருப்பினால் 100 யார் தொலைவிற் குறி கால் அங்குலம் நகரும். இதனைச் சோதித்தல் எளிது. ஓர் இலக்கைச் சுட்டபின், மேலே இருபது சொடுக்கு, வலத்தே இருபது, கீழே இருபது, இடத்தே இருபது எனத் திருப்பி, ஒவ்வொரு மூலையிலும் ஒருமுறை சுடுக. இறுதிக் குண்டு முதற்குண்டின் அருகே சென்று சேர்ந்தால் அக்குழல் வாய்மையுடையது. சேராததாயின், எத்துணை அழகியதாயினும் திருப்பிக் கொடுத்துவிடுக.

சப்ரகமுவ மழையில் வளர்ந்த நமக்கு ஈரத்தின் இயல்பைச் சொல்லித்தர வேண்டுவதில்லை. புத்தக அலுமாரிக் கண்ணாடியே இங்கு பூசணம் பூக்கும். குழலின் உள்ளே ஈரக்காற்று இருந்தால், குளிர்ந்த மலையில் வில்லையின் உட்புறம் பனித்துவிடும். அதனைத் துணியால் துடைத்தல் இயலாது. ஆதலால் நைதரசன் நிரப்பி அடைக்கப்பட்ட குழலே வேண்டும். குழலைத் துவக்கோடு பிணிக்கும் வளையங்களும் உறுதியாக இருத்தல் வேண்டும். வளையம் தளர்ந்திருக்கக் குழலைப் பழிப்போர் பலர்.

மலிவு என்பது புதிய வேட்கையன்று. குறிநோக்கி செல்வர்க்கே உரியதாயிருந்த காலத்தில், 1930ஆம் ஆண்டில், வில்லியம் வீவர் என்னும் அமெரிக்கர் 19 டொலர் விலையில் ஒன்றைச் செய்து விற்றார். எளியோன் கையிலும் நல்ல கருவி சேரலாம் என்பதற்கு அது சான்று. அலங்காரத்தை விடுக்க, ஒளிரும் குறுக்கிழையை விடுக்க, மிகுபெருக்கத்தை விடுக்க. மிஞ்சிய பொருளைத் தோட்டாவுக்கும் பயிற்சிக்கும் செலவிடுக. காட்டில் நிற்கும் நிலையில், மண்டியிட்டும் மரத்திற் சாய்ந்தும், ஒரு சிறு தட்டின் அகலத்துக்குள் ஒவ்வொரு குண்டையும் எத்தொலைவு வரை இடமுடியுமோ, அதுவே சுடுவோனின் எல்லை. அவ்வெல்லையைக் குழல் நீட்டித் தராது.

ஒன்று மட்டும் மறத்தலாகாது. கண் செல்லும் இடத்துக்குக் குழலும், குழல் செல்லும் இடத்துக்குத் துவக்கின் வாயும் செல்லும். ஆகவே, அசைவது யாதென அறியக் குறிநோக்கியைத் தூக்குதல் பெரும்பிழை. அசைந்தது மனிதனாகவும் இருக்கலாம். அதற்கு இருகண் நோக்கியைத் தனியே கொண்டு செல்க.

கண்ணில்லாத வேட்டை

இவற்றையெல்லாம் எழுதி முடித்தபோது, நம் தோட்டங்களிற் காணும் மிக மலிவான வேட்டைக் கருவி என் எண்ணத்தில் வந்தது. அது பழைய பிறேக் கம்பியால் இட்ட சுருக்கு. காட்டுப்பன்றி மரவள்ளியைக் கிண்டுகிறது, கறிக்கும் உதவும் என இடுவோர் கூறுவர். பன்றியால் வரும் இழப்பு மெய்யே, வறுமையும் மெய்யே. ஆனாற் சுருக்குக்குக் கண் இல்லை. பன்றியையும் கேளையாட்டையும் சிறுத்தையையும் அது பிரித்தறியாது. 2020ஆம் ஆண்டு மே மாதம், நல்லதண்ணியை அடுத்த லக்சபானத் தோட்டத்தில் அரிய கருஞ்சிறுத்தையொன்று சுருக்கில் அகப்பட்டது. மீட்டு உடவளவைக்குக் கொண்டு சென்றும், சில நாளில் அது மாண்டது. அதனைப் பிடிக்க யாரும் குறி வைத்தாரல்லர்; குறியின்மையே அதனைக் கொன்றது.

குறிஞ்சி நிலத்து மகளிர் பரண்மீதிருந்து தட்டையும் கவணும் கொண்டு தினைப்புனம் காத்ததைக் கபிலர் முதலியோர் பாடக் கேட்டவர் நாம். அங்கே காவல் என்பது விழித்திருத்தல். விழித்திருக்க ஆளில்லாத இடத்தில் சுருக்கு வந்து புகுகின்றது. பன்றியை ஓட்ட உறுதியான வேலியும், கூட்டாக முறைவைத்துக் காவலும், பயிரிழந்தோர்க்கு உதவியும் வேண்டுமெனத் தோட்ட நிருவாகத்திடமும் அரசிடமும் கேட்பது நம் உரிமை. சுருக்கின் கொடுமையை மாணவர்க்கு எடுத்துரைப்பது ஆசிரியர் கடமை.

மெல்பேண் மாணவருக்கு யான் எழுதிய இறுதி வரிகள் இவை: “தம்பி, விலை குறைந்த குழலை வாங்குக; ஐயம் உள்ளபோது அதனோடு சுடாது திரும்புக. உம்முன் வரும் மரையின் மூதாதையர் நம் மலையில் மேய்ந்தவர்கள். தமிழர் ஆண்மானைக் கலை என்றும் பெண்மானைப் பிணை என்றும் வேறு பிரித்துப் பெயரிட்டவர்கள். அவ்வாறு பிரித்தறியக் கூடிய ஒளி இருக்கும் வரையிலேயே விரல் விசையைத் தொடுக.”