சுவரில் காட்டை எழுதிய வார்லி ஓவியர்

கட்கியில் குடியிருக்கும் தமிழர்களுக்கு அந்தச் சித்திரம் புதிதல்ல. செம்மண் நிறத்தில் சுவர். அதன் மேல் வெள்ளைக் கோடுகள். இரண்டு முக்கோணங்களை முனையோடு முனை ஒட்டினாற்போல மனிதர்கள். கைகோத்துச் சுற்றிச் சுற்றி ஆடும் கூட்டம். பக்கத்தில் மரம், மயில், மாடு, புலி.

பள்ளிக்கூடச் சுவர், ஓட்டல், துணிப்பை, புடவைத் தலைப்பு என்று மராட்டிய மாநிலத்தில் அது ஏறாத இடம் இல்லை. அம்யூனிஷன் பாக்டரிக்குப் போகிறவரும், லோக்கல் ரயில் பிடித்து ஆபீசுக்குப் போகிறவரும் அதைப் பார்க்காமல் இருக்க முடியாது. "ஏதோ அலங்காரம்" என்று தாண்டிப் போவதுதான் வழக்கம்.

அது அலங்காரம் அல்ல. வார்லி என்னும் ஆதிவாசி மக்களின் வழிபாடு. குடிசைச் சுவரில் இருந்த அந்தக் கலையை உலகம் அறியச் செய்தவர், ஜீவ்யா சோமா மாஷே.

பேச்சு நின்ற சிறுவன்

1934-ம் ஆண்டு, தானா மாவட்டம் தலாசரி தாலுகாவில் பிறந்தவர் மாஷே. (அந்தப் பகுதி 2014 முதல் பால்கர் மாவட்டத்தில் இருக்கிறது.) அவருக்கு ஏழு வயதாக இருந்தபோது தாய் இறந்துவிட்டாள். அந்த அதிர்ச்சியில் சிறுவனுக்குப் பேச்சே நின்றுபோனது. சொல்ல வேண்டியதை எல்லாம் புழுதியில் வரைந்து காட்டினான். 11 வயதில் டஹாணு தாலுகாவில் உள்ள கலம்பிபாடாவுக்குப் போய்ச் சேர்ந்தான். பிற்பாடு எத்தனையோ நாடுகளைப் பார்த்த மாஷேக்குக் கடைசி வரை அதுதான் சொந்த ஊர்.

வார்லி மக்களிடம் சுவர்ச் சித்திரம் என்பது பெண்களின் காரியம். கல்யாண வீட்டில் சுவரைச் சாணத்தாலும் செம்மண்ணாலும் மெழுகுவார்கள். அரிசி மாவைக் கரைத்து, மூங்கில் குச்சியின் நுனியை மென்று தூரிகை ஆக்கிக்கொண்டு, சுமங்கலிகள் ஒரு சதுரம் எழுதுவார்கள். அதற்கு 'சௌக்' என்று பெயர். அதன் நடுவே பாலகாட் தேவி. செடி கொடிகளுக்கும் விளைச்சலுக்கும் அவளே தாய். அந்தச் சதுரத்தை எழுதாமல் கல்யாணம் இல்லை.

செம்மண் பட்டை கட்டி மாக்கோலம் போடும் நம் வீட்டுப் பெண்களுக்கு இது எளிதில் விளங்கும். நம் கோலம் வாசலில் கிடக்கிறது; அவர்கள் கோலம் சுவரில் நிற்கிறது.

காகிதத்துக்கு வந்த சுவர்

பெண்கள் சடங்குக்காக எழுதியதை, ஆண் பிள்ளையான மாஷே தினசரி வேலையாக எடுத்துக்கொண்டார். 1970-களின் தொடக்கத்தில் பாஸ்கர் குல்கர்னி என்ற ஓவியர், வார்லி கிராமங்களுக்கு வந்து காகிதம் கொடுத்து வரையச் சொன்னார். சுவரையே அறிந்த பெண்கள் கூச்சப்பட்டார்கள். மாஷே முன்வந்தார்.

அதன் பிறகு வளர்ச்சி வேகமாக நடந்தது. 1975-ல் பம்பாயில் கண்காட்சி. 1976-ல் தேசிய விருது. அதே ஆண்டு பிரான்சில் கண்காட்சி. 2003-ல் ஜெர்மனியின் டுசல்டார்ப் நகரில், புகழ்பெற்ற ஆங்கிலேயக் கலைஞர் ரிச்சர்டு லாங்குடன் சரிசமமாக அவர் படைப்புகள் வைக்கப்பட்டன. 2011-ல் பத்மஸ்ரீ பட்டம். 2018 மே 15-ந் தேதி, 84-வது வயதில் காலமானார்.

எறும்புக்கும் இடம்

மாஷேயின் படங்களில் மனிதன் ராஜா அல்ல. பரந்து விரிந்த மீன் வலையை ஒவ்வொரு கண்ணாக வரைந்திருப்பார். அதை வீசும் ஆள் விரல் அளவே இருப்பான். புற்றில் இருந்து புறப்படும் எறும்புகளைப் புள்ளி புள்ளியாகப் படம் முழுவதும் நிரப்புவார். அவர் படங்களில் வேட்டையும் உண்டு, உழவும் உண்டு. ஆனால் மரத்துக்கும் பறவைக்கும் எறும்புக்கும் அவரவர் இடம் உண்டு.

புலிக்குத் தனி மரியாதை. வார்லி மக்கள் அதை 'வாக்தேவ்' என்றும் 'வாகோபா' என்றும் கும்பிடுகிறார்கள். நம் கிராமத்து எல்லையில் ஐயனார் இருப்பதுபோல், புலியும் சூரிய சந்திரரும் செதுக்கிய கல்லோ மரப்பலகையோ அங்கே இருக்கும். தீபாவளியை ஒட்டிப் பூஜை நடக்கும். ஆட்டையும் மாட்டையும் காத்துக் கொடு என்பதுதான் வேண்டுதல். காட்டு விலங்கைத் தெய்வமாக்கி, அதன் பக்கத்திலேயே வாழக் கற்றவர்கள் அவர்கள்.

மரங்கள் விழுந்த இரவு

சித்திரம் பெருகியது. காடு பெருகியதா?

மும்பையில் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவை ஒட்டிய ஆரே காலனியில், வார்லி மக்களின் சிறு குடியிருப்புகள் இருக்கின்றன. சிறுத்தைகள் நடமாடும் இடம் அது. அங்கே மெட்ரோ ரயில் பணிமனை கட்டுவதற்காக 2019 அக்டோபர் 4-ந் தேதி இரவு மரம் வெட்டத் தொடங்கினார்கள். அன்றுதான் ஐகோர்ட்டு, எதிர்ப்பு மனுக்களைத் தள்ளுபடி செய்திருந்தது. 7-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தடை போடுவதற்குள் 2,000-க்கும் மேற்பட்ட மரங்கள் விழுந்துவிட்டன. எதிர்த்து நின்றவர்களில் வார்லி மக்களும் இருந்தார்கள்.

பணிமனை முடிவில் அங்கேயே அமைந்தது. ரயிலும் ஓடுகிறது. நெரிசலில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போகிறவனுக்கு ரயில் வேண்டாம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் நிழலையும், தெய்வத்தையும், தலைமுறை இருப்பையும் விலையாகக் கொடுத்தவர்கள் யார் என்பது தெரிந்திருக்க வேண்டாமா?

வார்லி சித்திரத்துக்கு 2014-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரை வேறு யாரும் தங்கள் சரக்குக்கு வைக்க முடியாதபடி சட்டப் பாதுகாப்பு கிடைத்துவிட்டது. சித்திரத்தில் உள்ள மரத்துக்கும் புலிக்கும் அப்படி ஒரு காவல் சுலபமாகக் கிடைப்பதில்லை.

பார்க்க வேண்டுமா?

புனே ரயில் நிலையத்துக்கு அருகே குயின்ஸ் கார்டன் பகுதியில் ஆதிவாசி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1962-ல் தொடங்கப்பட்டது. அதன் அருங்காட்சியகத்தில் வார்லி சித்திரங்களையும், மற்ற ஆதிவாசிகளின் கைவேலைகளையும் காணலாம். கட்கியில் லோக்கல் ரயில் ஏறினால், நடுவே சிவாஜி நகர், அடுத்தது புனே. ஒரு விடுமுறை நாளில் பிள்ளைகளை அழைத்துப் போகலாம்.

ஊரில் பாட்டி பச்சரிசி மாவில் கோலம் போட்டது எறும்பும் தின்னட்டும் என்றுதான். அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு மாஷேயின் எறும்புகளைக் காட்டினால், வேறு விளக்கம் தேவைப்படாது.