சியோல் வரை போன அணி

1979-ஆம் ஆண்டு தென்கொரியத் தலைநகர் சியோலில் பெண்களுக்கான உலகக் கூடைப்பந்துப் போட்டி நடந்தது. அதில் ஆடிய நாடுகள் மொத்தம் 12. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, இத்தாலி, பிரான்சு, பிரேசில், ஜப்பான் என்று நீளும் அந்தப் பட்டியலில் மலேசியாவும் இருந்தது. அதற்கு முன் அடுத்தடுத்து உலகப் பட்டத்தை வென்றுவந்த சோவியத் அணி அந்த முறை வரவில்லை. அமெரிக்கா முதலிடம், தென்கொரியா இரண்டாமிடம், கனடா மூன்றாமிடம். நம் பெண்கள் பதக்கத்துக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை. ஆனாலும் அந்த 12 அணிகளில் ஒன்றாக நின்றார்கள். இந்தியப் பெண்கள் அணி இன்றுவரை ஒருமுறைகூட எட்டாத மேடை அது.

11 ஆண்டுகள் கழித்து அந்த மேடையே நம் வீட்டுக்கு வந்தது. 1990-இல் உலகப் போட்டியை மலேசியா நடத்தியது. 16 நாடுகளின் பெண்கள் இங்கே வந்து ஆடினார்கள். தெரசா எட்வர்ட்ஸ், கத்ரீனா மெக்லெயின் ஆடிய அமெரிக்க அணி, இறுதியாட்டத்தில் யூகோஸ்லாவியாவை 88–78 என்று வென்றது. அடுத்த சில ஆண்டுகளில் அந்த யூகோஸ்லாவியா என்ற நாடே உடைந்துபோனது. ஆசியப் பெண்கள் போட்டியையும் 1970, 1978, 1986 என்று மூன்று முறை கோலாலம்பூர் நடத்தியிருந்தது. பெண்கள் கூடைப்பந்து என்றால் ஆசியாவில் மலேசியாவைத் தவிர்த்துப் பேச முடியாத காலம் அது. இன்று பினாங்குத் தீவில் பந்தைத் தட்டிக்கொண்டிருக்கும் ஒரு படிவம் மூன்று மாணவிக்கு இந்தக் கதை தெரிந்திருக்குமா? பாடப்புத்தகம் சொல்லவில்லை, நாமும் சொல்லவில்லை.

இன்றைய நிலை வேறு. ஆசியக் கோப்பை இரண்டு பிரிவுகளாக நடக்கிறது. 2017-இல் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் உள்ளே வந்த பிறகு, மேல் பிரிவின் எட்டு இடங்களில் ஒன்றுகூட மலேசியாவுக்குக் கிடைத்ததில்லை. தென்கிழக்காசிய நாடுகளின் சீ விளையாட்டுப் போட்டி மட்டும் நெடுங்காலம் நம் கையில் இருந்தது. தாய்லாந்தோடு மாறி மாறி மோதினோம். 2015-இல் சிங்கப்பூரிலும் 2017-இல் சொந்த மண்ணிலும் தங்கம் வென்றோம். 2019-இல் பிலிப்பைன்ஸ் பெண்கள் தங்கள் முதல் தங்கத்தை எடுத்தார்கள். 2023-இல் கம்போடியாவில் இந்தோனேசியப் பெண்கள் தங்கள் முதல் தங்கத்தை எடுத்தார்கள். கனடாவில் பிறந்த கிம்பர்லி பியர்-லூயிஸுக்குக் குடியுரிமை தந்து இந்தோனேசியா தன் அணியில் சேர்த்துக்கொண்டது. அது நியாயமா என்று காப்பிக்கடையில் விவாதிக்கலாம். விதி அனுமதிக்கிறது, அவர்கள் பயன்படுத்தினார்கள். நாம் நின்ற இடத்திலேயே நின்றோம் என்பதுதான் என்னை உறுத்துகிறது.

விளையாட்டும் அதே இடத்தில் நிற்கவில்லை. சியோலில் நம் பெண்கள் ஆடியபோது மூன்று புள்ளிக் கோடு என்பதே கிடையாது. எவ்வளவு தூரத்திலிருந்து எறிந்தாலும் இரண்டு புள்ளிதான். 1984-இல் உலகக் கூடைப்பந்துச் சம்மேளனம் அந்தக் கோட்டைக் கொண்டுவந்தது. முதலில் 6.25 மீட்டர், 2010 முதல் 6.75 மீட்டர். ஓர் அணி கூடையை நோக்கி எறியாமல் பந்தைத் தன்னிடம் வைத்திருக்கக்கூடிய நேரம் 30 வினாடியிலிருந்து 2000-இல் 24 வினாடியாகக் குறைந்தது. இருபது நிமிடப் பாதிகள் இரண்டு என்றிருந்த ஆட்டம், பத்து நிமிடக் கால்பகுதிகள் நான்காயிற்று. பெண்களுக்கென்று சற்றே சிறிய ஆறாம் எண் பந்தும் வந்தது. எல்லாம் சேர்ந்து ஆட்டத்தை வேகமாக்கின. யோசித்து நிதானமாகப் பந்தை நகர்த்தும் பழைய ஆட்டக்காரிக்கு இன்றைய திடலில் மூச்சு முட்டும்.

இந்த மாற்றம் குள்ளமானவர்களுக்கு எதிரி இல்லை. பெரும்பாலோர் இங்கேதான் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். 2021-இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் ஜப்பான் பெண்கள் வெள்ளி வென்றார்கள். அங்கு வந்த அணிகளில் உயரம் குறைந்த அணிகளுள் ஒன்று அது. பயிற்சியாளர் டாம் ஹோவாஸ் அவர்களைத் தூரத்து எறிதலிலும் ஓட்டத்திலும் ஊறவைத்திருந்தார். அரையிறுதியில் 162 செண்டிமீட்டர் உயரமே உள்ள ருய் மச்சிதா, பிரான்சுக்கு எதிராக 18 முறை தன் தோழியர் புள்ளி எடுக்கப் பந்தைக் கொடுத்து ஒலிம்பிக் சாதனை படைத்தார். இறுதியில் அமெரிக்காவிடம் 90–75 என்று தோற்றார்கள், தலைகுனியவில்லை. 'நம்ம பிள்ளைகளுக்கு உயரம் பத்தாது' என்று இங்கே யாராவது சொல்லும்போதெல்லாம் மச்சிதாவின் பெயரைத்தான் நான் சொல்வேன்.

பினாங்குக்கு வருவோம். இந்த நாட்டில் கூடைப்பந்து சீனச் சமூகத்தின் விளையாட்டாக வளர்ந்ததற்கு வரலாறும் நிலமும் காரணம். ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1891-இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் உருவாக்கிய ஆட்டம், நாலே ஆண்டில் ஒய்.எம்.சி.ஏ. வழியாகச் சீனாவின் தியான்சினைத் தொட்டது. அங்கிருந்து வந்தவர்களோடும் அவர்கள் கட்டிய பள்ளிகளோடும் அது மலாயாவுக்கு வந்தது. அவசரகாலத்தில் அமைந்த புதுக்கிராமங்களில் இடம் குறைவு. ஒரு சிமெண்டுத் தரையும் இரண்டு கம்பங்களும் போதும் என்ற ஆட்டம் அங்கே வேரூன்றியது. நம்மவர்கள் இருந்ததோ தோட்டத்தில். அங்கே அகலமான புல்திடல் இருந்தது, அதனால் காற்பந்து நமதாயிற்று. பெண்பிள்ளைகளுக்கு அந்தத் திடலிலும் இடம் குறைவுதான். பிறகு கான்வென்ட்களும் ஆங்கிலப் பெண்கள் பள்ளிகளும் வலைப்பந்தைக் கொடுத்தன. அதுவும் கூடைப்பந்திலிருந்து பிரிந்த ஆட்டமே. ஆனால் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடக்கூடாது, வளையத்துக்குப் பின்னால் பலகை கிடையாது, ஒவ்வொருத்திக்கும் நிற்க வேண்டிய பகுதி வகுக்கப்பட்டிருக்கும்.

அந்த நிலவரைபடம் இப்போது மாறிவிட்டது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, குடும்பங்கள் நகரத்துக்கு வந்தன. ஆயர் ஈத்தாம், ஜெலுத்தோங், பாயான் பாரு அடுக்குமாடிகளில் இன்று தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. அப்படிப்பட்ட குடியிருப்புகளில் கீழே இறங்கினால் புல்திடல் கிடைப்பது அரிது, கூடைப்பந்துக் கம்பம் கண்ணில் படும். தமிழ் முஸ்லிம்களின் பெயரைத் தாங்கிய சூலியா தெருவின் கடற்கரைக் கோடியில், காட் லெபு சூலியாவில், பிள்ளைகள் கூடைப்பந்து ஆடும் சுவரோவியம் ஒன்றை ஓவியர் லூயிஸ் கான் தீட்டியிருக்கிறார். உலகத்தின் எந்த மூலையிலிருந்து வரும் பயணியும் அங்கே நின்று படம் எடுத்துக்கொள்கிறார். ஜார்ஜ்டவுனின் அன்றாட அடையாளங்களில் ஒன்றாகவே இந்த ஆட்டம் ஆகிவிட்டது. அந்த அடையாளத்தில் நமக்கும் பங்கு உண்டு.

இன்னொரு கதவும் திறந்தது. 2014-இல் இஞ்சியோன் ஆசிய விளையாட்டில் கத்தார் பெண்கள் அணி தலைத்துணியைக் கழற்ற மறுத்து, ஆடாமலே திரும்பியது. தலைத்துணியோடு ஆடுவதை அன்றைய விதி தடுத்தது. 2017 அக்டோபர் முதல் உலகச் சம்மேளனம் தலைத்துணியை அனுமதிக்கிறது. மலேசியா போன்ற நாட்டுக்கு இது சின்ன விஷயம் இல்லை. இத்தனை ஆண்டுகள் நாட்டின் பெரும்பான்மைப் பெண்களில் பலருக்கு, துணியா தேசிய அணியா என்ற கேள்வியே தடையாக இருந்தது. அந்தத் தடை இன்று விதிப்புத்தகத்தில் இல்லை.

தமிழ்ப் பெண்ணால் முடியுமா என்று கேட்பவர்களுக்குச் சென்னையிலிருந்து ஒரு பெயர்: அனிதா பால்துரை. 2000-ஆம் ஆண்டில் இந்திய அணிக்குள் வந்தவர், 19 வயதிலேயே அணித் தலைவி. 2009-இல் ஆசியப் போட்டி அவருடைய சொந்த ஊரான சென்னையில் நடந்தது. பிறகு திருமணம், குழந்தை. நம் வீடுகளில் பெரும்பாலான ஆட்டக்காரிகளின் கதை அங்கே முடியும். அவர் திரும்பி வந்தார். 2017-இல் பெங்களூரில் நடந்த ஆசியக் கோப்பையின் இரண்டாம் பிரிவில் அவர் தலைமையில் இந்தியா கஜகஸ்தானை 75–73 என்று வென்று மேல் பிரிவுக்கு ஏறியது. 2021-இல் பத்மஸ்ரீ. தெற்கு ரயில்வே வேலை அவருக்குத் துணையாக இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். ஆட்டக்காரிக்கு மாதச் சம்பளம் உள்ள வேலை இருந்தால்தான் முப்பது வயதிலும் ஆட முடியும். மலேசியாவில் திறமை அழிவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்: எஸ்.பி.எம். முடிந்ததும் காலணி மூலைக்குப் போகிறது.

நம் தேசிய அணியிலும் தமிழ்ப்பெயர் வந்துவிட்டது. கலைமதி ராஜேந்திரன் மலேசியச் சீருடை அணிந்து ஆடியிருக்கிறார். சீனப்பெயர்களே நிறைந்த பட்டியலில் அந்தப் பெயரைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு பெயர் போதாது.

பினாங்கு மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் திடல் இல்லை, உண்மைதான். ஆனால் கூடைப்பந்துக்குத் திடல் வேண்டாம், வாகனம் நிறுத்தும் சிமெண்டுத் தரையிலேயே ஒரு கம்பத்தை நட்டுவிடலாம். பக்கத்துச் சீனப்பள்ளியின் பயிற்சியாளரிடம் வாரம் ஒரு மாலை கேட்டுப் பாருங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் அடுத்த முறை கூடும்போது, கணினி அறைக்கும் தேர்வு வகுப்புக்கும் ஒதுக்கும் பணத்தில் கொஞ்சத்தை இரண்டு கூடைகளுக்கும் ஐந்தாறு ஆறாம் எண் பந்துகளுக்கும் ஒதுக்கச் சொல்லுங்கள். மகளை ஆறு மணிக்கு வீட்டுக்கு வரச் சொல்லும் அம்மாக்களே, வாரத்தில் இரண்டு நாள் அதை ஏழரையாக்குங்கள்.