முள் தைத்த இடத்தில் ஒரு கட்டி

2021-ல் நாட்டையே நடுங்கவைத்த ‘கருப்புப் பூஞ்சை’ நினைவிருக்கும். அந்தப் பூஞ்சைக்குக் கருப்பு நிறம் கிடையாது. அது அரித்த சதைதான் கருத்துப்போனது. நிஜமாகவே கருநிறம் கொண்ட பூஞ்சைகள் வேறு இருக்கின்றன. மண்ணிலும் மக்கிய விறகிலும் முள்ளிலும் வாழ்பவை. சிறுநீரகம் மாற்றிக்கொண்ட சிலரின் காலில் அவை குடியேறிவிடுகின்றன.

தொடக்கம் அற்பமானது. வரப்பில் வெறுங்காலோடு நடக்கும்போது ஒரு முள் தைக்கிறது. பிடுங்கி எறிந்துவிட்டு மறந்துவிடுவார்கள். மாதங்கள் கழித்து, கணுக்காலுக்குப் பக்கத்தில் புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி. பெரும்பாலும் வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது. மாற்று உறுப்பை உடல் தள்ளிவிடாமல் இருக்கத் தினமும் விழுங்கும் மாத்திரைகள் எதிர்ப்பு சக்தியை அடக்கி வைத்திருக்கின்றன. சிவந்து வீங்கி எச்சரிக்கக்கூட உடம்புக்குத் தெம்பில்லை. போதாததற்கு, நம் தோலுக்கு நிறம் தரும் மெலனின் இந்தப் பூஞ்சையின் சுவரிலும் உண்டு. வெள்ளணுக்களின் தாக்குதலுக்கு அதுவே கவசம்.

என்னை உறுத்துவது ஒரு சின்னப் பாட்டில். கொழுப்புக் கட்டி என்று நினைத்து அறுத்து எடுக்கிறார்கள். எடுத்த சதை முழுவதும் ஃபார்மலினில் போடப்பட்டு பயாப்சிக்குப் போகிறது. ஃபார்மலினில் விழுந்த பூஞ்சை செத்துவிடும். நுண்ணோக்கியில் பழுப்பு இழைகள் தெரியலாம். எந்தப் பூஞ்சை என்று வளர்த்துப் பார்க்க உயிருள்ள துணுக்கு ஒன்றுகூட மிஞ்சாது. ஒரு பாதியை சலைனில் போட்டு கல்ச்சருக்கு அனுப்பியிருந்தால் போதும். காசநோய்க் கிருமியின் உறவுக்காரக் கிருமிகளால் வரும் தோல் புண்ணிலும் இதே தவறு நடக்கிறது.

மருந்திலும் கண்ணி இருக்கிறது. பூஞ்சைக்குத் தரப்படும் இட்ராகோனசோல், வோரிகோனசோல் மாத்திரைகள், எதிர்ப்பு சக்தியை அடக்கும் டாக்ரோலிமஸ் மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். அது ஏறினால் அடிபடுவது, அரும்பாடுபட்டுப் பெற்ற அந்தச் சிறுநீரகமே. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கி விழுங்குகிற மாத்திரை அல்ல இது. முடிந்தவரை கட்டியை முழுதாக அகற்றி, டாக்ரோலிமஸைக் குறைத்து, ரத்தத்தில் அளவு பார்த்தபடி மாதக்கணக்கில் கொடுக்க வேண்டியது.

இவையெல்லாம் அபூர்வம், காசநோயும் சிறுநீர்த் தொற்றுமே பெரிய கவலை என்பார்கள் மருத்துவர்கள். சரிதான். ஆனால் அபூர்வம் என்பதால்தான் யாரும் தேடுவதில்லை. தேடாததால்தான் ஃபார்மலின் பாட்டில் முதலில் கைக்கு வருகிறது.

உறுப்பு மாற்றிக்கொண்டவர் உங்கள் வீட்டில் இருந்தால், தோட்டத்துக்குப் போகும்போது செருப்பை எடுத்துக் கொடுங்கள். வாரம் ஒருமுறை அவர் பாதத்தைப் பாருங்கள். கட்டியை அறுக்கும் நாளில், “ஒரு துண்டை ஃபார்மலின் இல்லாமல் கல்ச்சருக்கு அனுப்புங்க டாக்டர்” என்று தயங்காமல் கேளுங்கள்.