தலைகீழாகத் தொங்கும் தக்காளி: இடமில்லா வீட்டுக்கு ஒரு வாளித் தோட்டம்

வயல் இருக்கிறது. ஆனால், வீட்டை ஒட்டி ஒரு தக்காளிச் செடி வைக்க இடமில்லை. வாசலுக்கு சிமென்ட் போட்டாயிற்று. கொல்லையில் மாட்டுக்கொட்டகை வந்துவிட்டது. மிச்சமிருக்கும் நாலடி மண்ணையும் கோழி கிளறிவிடுகிறது. பல கிராமத்து வீடுகளின் நிலை இன்று இதுதான். இப்படிப்பட்ட வீடுகளுக்குக் கைகொடுப்பது, வாளியின் அடியில் துளை போட்டுச் செடியைத் தலைகீழாகத் தொங்கவிடும் முறை. அமெரிக்காவில் 'டாப்சி டர்வி' என்ற பெயரில் இதற்கென்றே பை தைத்து, தொலைக்காட்சியில் விளம்பரம் செய்து விற்றார்கள். நமக்கு அந்தப் பை தேவையில்லை. பழைய வாளி ஒன்று போதும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தலைகீழாக வளர்த்தால் மகசூல் கூடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கொல்லையில் மண் இருந்தால் அதில் நடுவதே மேல். தொங்கும் வாளியின் லாபம் வேறு. கோழிக்கு எட்டாது, களை எடுக்கும் வேலை குறைவு, குச்சி ஊன்றிக் கட்ட வேண்டியதில்லை. வாடல் நோயும் வேர்முடிச்சு நூற்புழுவும் உள்ள மண்ணில் இருந்து செடி தப்பித்துக்கொள்ளும். ஆட்டுக்கு மட்டும் உத்தரவாதம் கிடையாது. பின்னங்காலில் எழுந்து நின்று எட்டிவிடும்.

தக்காளிக்கு 15 முதல் 20 லிட்டர் வாளி வேண்டும். மிளகாய்க்கு 5 லிட்டர் எண்ணெய் கேன் போதும். ஹோட்டல், பலகாரக் கடைகளில் கிடைக்கும் சமையல் எண்ணெய் கேன் நல்லது. பூச்சிமருந்து, களைக்கொல்லி வந்த கேனை எத்தனை முறை கழுவினாலும் இதற்குப் பயன்படுத்தக் கூடாது. பெயின்ட் வாளியையும் தவிர்த்துவிடுங்கள். தகர டின் வெயிலில் கொதித்து வேரைச் சுட்டுவிடும். வெளிச்சம் ஊடுருவும் தண்ணீர் கேன் என்றால், சுற்றிலும் பழைய சணல் சாக்கைக் கட்டிவிடுங்கள். உள்ளே பாசி பிடிக்காது, சூடும் குறையும்.

வாளியின் அடியில் நடுவாக 2 அங்குல அகலத்துக்குத் துளை போடுங்கள். அதைச் சுற்றி ஆணியைக் காய்ச்சி நாலைந்து சிறு துளைகள். வாளியோடு வரும் கைப்பிடியை நம்பித் தொங்கவிடக் கூடாது. வாய் விளிம்புக்குக் கீழே, தடித்த பகுதியில் சம இடைவெளியில் மூன்று துளைகள் போட்டு, சங்கிலியோ தடித்த ஜி.ஐ. கம்பியோ கோத்துக்கொள்ளுங்கள். கட்டுக்கம்பி மெல்லியது, துருப்பிடித்து அறுந்துவிடும். நைலான் கயிறும் வெயிலில் நாளடைவில் இற்றுப்போகும்.

கலவையில் செம்மண்ணைக் குறைத்தால்தான் எடை குறையும். அளவு இதுதான்: தேங்காய் நார்க்கழிவு 3 பங்கு, மண்புழு உரம் அல்லது நன்கு மக்கிய தொழுவுரம் 2 பங்கு, செம்மண் 1 பங்கு. வாளிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு. நார்க்கழிவில் உப்பு இருக்கும் என்பதால் இரண்டு முறை ஊறவைத்துப் பிழிந்த பிறகே சேர்க்க வேண்டும். தக்காளி, கத்திரி, மிளகாய் போட்ட வயலில் இருந்து செம்மண் எடுக்காதீர்கள். அங்குள்ள வாடல் நோயை வாளிக்குள் கொண்டுவந்து வைத்ததாகிவிடும்.

நடவு செய்ய, இரண்டு ஸ்டூலுக்கு நடுவே வாளியை வையுங்கள். 25 நாள் நாற்றின் இலைகளை ஒரு காகிதத்தில் மெல்லச் சுருட்டி, உள்ளிருந்து துளை வழியாகக் கீழே விடுங்கள். வெளியிலிருந்து வேரைத் திணித்தால் வேர் நசுங்கும். தண்டைச் சுற்றிப் பஞ்சு மெத்தைத் துண்டையோ பருத்தித் துணியையோ வைத்துத் துளையை அடைத்து, அதன்மேல் தேங்காய் நாரைப் பரப்பி, பிறகு கலவையை நிரப்புங்கள். மேலே ஒரு சாண் அளவு காலியாக விட வேண்டாம், 2 அங்குலம் விட்டால் போதும். அந்த மேல்பரப்பில் வெந்தயக் கீரை தூவிவிடலாம்.

தொங்கவிட்ட ஓரிரு நாளிலேயே செடி நுனியை வளைத்து மேலே பார்க்கும். பயப்பட வேண்டாம். தண்டு புவியீர்ப்புக்கு எதிராக வளர்வது இயல்பு. கிளையும் காயும் கனம் பிடித்ததும் தானாகத் தாழ்ந்து தொங்கும். கொத்தாகக் காய்க்கும் சிறுதக்காளி இதற்கு நன்றாக அமையும். அதிகம் படராத பி.கே.எம்.1 போன்ற ரகத்தையும் வைக்கலாம். கத்திரியின் தண்டு கட்டையாகிவிடுவதால் அவ்வளவு தோதில்லை. கொடி அவரை, பாகல் வேண்டாம். வந்த வழியே மேலேறி வாளியைச் சுற்றிக்கொள்ளும்.

உச்சி வெயிலில் வாளியே செடிக்குக் குடையாகிவிடும். அதனால் பக்கவாட்டில் வெயில் விழும் கிழக்கு அல்லது தெற்குத் தாழ்வாரம் பார்த்துத் தொங்கவிடுங்கள்.

அடுத்தது எடை. இதில்தான் அலட்சியம் கூடாது. நனைந்த 20 லிட்டர் வாளி ஏறக்குறைய 20 கிலோ வரும். வெறும் மண்ணை நிரப்பினால் 30 கிலோவைத் தாண்டும். ஆஸ்பெஸ்டாஸ் கூரையில், ஓட்டுச் சட்டத்தில் இதை மாட்டவே கூடாது. நல்ல உத்திரம், கொட்டகையின் இரும்புக் குழாய், ஊன்றிய கல்தூண்களுக்கு இடையே போட்ட குழாய் இவைதான் சரி. மாட்டுவதற்கு முன், இரண்டு மடங்கு எடையுள்ள மணல் மூட்டையை அதே கொக்கியில் ஒருநாள் தொங்கவிட்டுப் பாருங்கள். அடியில் கட்டில், தொட்டில், பிள்ளைகள் விளையாடும் இடம் இருக்கக் கூடாது. ஆடிக் காற்றுக்கு வாளி ஊஞ்சலாடும். பக்கவாட்டில் ஒரு கம்பியை இழுத்துக் கட்டுங்கள்.

தொங்கும் வாளி நாலு பக்கமும் காற்று பட்டுச் சீக்கிரம் காயும். கோடையில் காலை, மாலை இரண்டு வேளையும் தண்ணீர் வேண்டும். மெதுவாக ஊற்றுங்கள், வேகமாக ஊற்றினால் தண்டு வழியே வழிந்து இலை நனைந்து இலைக்கருகல் வரும். ஒருநாள் காயவிட்டு மறுநாள் நிறைய ஊற்றினால், காயின் நுனி கறுத்துக் குழிவிழும். பூச்சி என்று நினைத்து மருந்தடிப்பவர்கள் உண்டு. அது சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச்சேராததால் வருவது. முட்டை ஓட்டைப் பொடித்துப் போடுவதைவிட, தண்ணீரை ஒழுங்காகக் கொடுப்பதுதான் முதல் மருந்து. சொட்டும் நீரை வீணாக்காமல் அடியில் கற்பூரவள்ளித் தொட்டி ஒன்றை வையுங்கள்.

15 நாளைக்கு ஒருமுறை, லிட்டருக்கு 30 மில்லி பஞ்சகவ்யா கலந்து தெளிக்கலாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சத்து கரைந்து ஓடிவிடும். அப்போது வாளியின் வாயைச் சாய்வாக மூடிவையுங்கள். காய்ப்பு முடிந்ததும் கலவையைக் கொட்டி வெயிலில் காயவைத்து, புதிதாக ஒரு பங்கு தொழுவுரம் சேர்த்து அடுத்த பட்டத்துக்கு மிளகாய் அல்லாமல் வெள்ளரி வையுங்கள்.