வீட்டு பீர் கிட்டில் பழம், தேன் சேர்த்தால் பாட்டில் வெடிப்பது ஏன்?

பிரிட்டனில் சொந்த உபயோகத்துக்கு வீட்டிலேயே பீர் தயாரிக்க 1963 முதல் லைசென்ஸ் தேவையில்லை. கடையில் கிடைக்கும் 1.7 கிலோ மால்ட் டின், ஈஸ்ட், 1 கிலோ சர்க்கரை, தண்ணீர்... சுமார் 23 லிட்டர் பீர் ரெடி. ஆனா, சுவை கொஞ்சம் சப்புனு இருக்கும்.

என்ன மாற்றலாம்?

சர்க்கரைக்குப் பதில் மால்ட் பவுடர் போட்டால் சுவை அடர்த்தியாகும். நொதித்தல் அடங்கியதும், பீருக்கு மணம் தரும் ஹாப்ஸ் பூவைச் சில நாள் ஊறவிட்டால் வாசனை தூக்கும்.

எங்கே ஆபத்து?

பழமோ தேனோ, ஈஸ்டுக்கு எல்லாமே சர்க்கரைதான். அது நொதித்து முடியும் முன்பே பாட்டிலில் அடைத்தால், கார்பன் டை ஆக்சைடு வெளியேற வழியில்லாமல் கண்ணாடி வெடிக்கும். ஹைட்ரோமீட்டர் அளவு இரண்டு, மூன்று நாள் மாறாமல் நின்ற பிறகே அடைக்க வேண்டும்.

நம்ம ஊர்ல ட்ரை பண்ணலாமா?

வேண்டாம். தமிழ்நாட்டில் அனுமதியின்றி மது தயாரிப்பது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம்.