கார் மேட் அடியில ஈரமா? பர்ஸ் நனையறதுக்குள்ள கண்டுபிடிங்க!



ராத்திரி முழுக்க மழை. காலையில சேலையூர்ல இருந்து ஆபீஸ் கிளம்ப கார் கதவைத் திறந்தா ஒரே ஈர நாத்தம். மேட்டைத் தூக்கினா கார்ப்பெட் சொதசொதன்னு இருக்கு. "வெயில் அடிச்சா காஞ்சிடும்"னு விட்டுடாதீங்க. மேல காஞ்சாலும், அடியில இருக்கிற ஃபோம் தண்ணியைப் பிடிச்சு வச்சிருக்கும். தரைத்தகடு துருப்பிடிக்கிறதும், ஒயரிங் கனெக்டர் கெடுறதும் அங்கதான்.

இதுல பணத்துக்கும் ஒரு சிக்கல் இருக்கு. பழைய பீடிங், அடைச்ச குழாய் வழியா வர்ற ஒழுகல் எல்லாம் பராமரிப்புக் கணக்கு. ஜீரோ டெப் பாலிசி இருந்தாலும் கிளெய்ம் கிடைக்காது. செலவு முழுக்க உங்க சம்பளத்துலதான்.

முதல்ல, எந்தத் தண்ணி?

மழையே இல்லாத நாள்ல, ஏசி போட்ட பிறகு முன் சீட் கால்வைக்கிற இடத்துல சுத்தமான தண்ணி நின்னா, ஏசி டிரெயின் குழாய் அடைச்சிருக்கலாம். பிசுபிசுப்பா, இனிப்பு வாசனையோட இருந்தா அது கூலன்ட். நேரா மெக்கானிக்கிட்ட போங்க. மழை பெய்ஞ்சா மட்டும் ஈரமானா, கீழே இருக்கிறதைப் பாருங்க.

எங்க பார்க்கணும்?

1. முன் கண்ணாடிக்குக் கீழ, வைப்பர் பக்கம். மரத்தடியில நிறுத்துற காரா இருந்தா இலை குப்பை சேர்ந்து தண்ணி போற வழியை அடைச்சிடும். கையாலயே அள்ளிடலாம்.
2. சன்ரூஃப். திறந்து, மூலையில கொஞ்சம் தண்ணி மெதுவா ஊத்துங்க. காருக்கு அடியில சொட்டலைன்னா குழாய் அடைப்பு. வேகமா காத்து அடிக்காதீங்க, குழாய் கழண்டுடும்.
3. கதவோட அடி ஓட்டைகள், ரப்பர் பீடிங்.
4. டிக்கியில ஸ்டெப்னிக்கு அடியில.

இன்னும் தெரியலையா? உள்ள துடைச்சு நியூஸ்பேப்பர் விரிச்சுட்டு, ஒரு நண்பரை டார்ச்சோட உட்கார வைங்க. வெளியில ஹோஸ்ல மெதுவா, கீழ இருந்து மேலா, ஒவ்வொரு இடமா தண்ணி விடுங்க. எங்க நனையுதுன்னு அவர் சொல்லிடுவார். வழி தெரியாம சிலிக்கான் பூசினா காசு வேஸ்ட். சரி பண்ணின பிறகு கார்ப்பெட்டைத் தூக்கி ஃபோமையும் காய வைங்க.

வெள்ளம் புகுந்தா கதை வேற

2015 டிசம்பர்ல முடிச்சூர், வரதராஜபுரம் பட்டது நமக்கு மறக்காது. 2024 அக்டோபர்ல வேளச்சேரி மேம்பாலத்துல வரிசையா கார் நின்னதும் அந்த பயத்துலதான். வெள்ளச் சேதத்துக்கு காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில கிளெய்ம் உண்டு. ஆனா தண்ணி புகுந்த காரை ஸ்டார்ட் பண்ணி இன்ஜின் போனா, இன்ஜின் புரொடெக்ட் ஆட்-ஆன் இல்லாம பணம் வாங்குறது கஷ்டம். சாவியைத் தொடாதீங்க, டோ பண்ணுங்க.

கார்ப்பெட் மட்டும் நனைஞ்சுதா? கிளெய்முக்கு முன்னாடி ஒரு கணக்கு. உங்க ஓன் டேமேஜ் பிரீமியம் 10,000 ரூபாய், என்சிபி 50% என்று வச்சுக்குவோம். ஒரே ஒரு கிளெய்ம் போட்டா அது பூஜ்யம். பிறகு 20, 25, 35, 45ன்னு ஏறி மறுபடி 50 வர்றதுக்குள்ள நீங்க இழக்கிறது மொத்தம் 12,500 ரூபாய். கிளீனிங் பில் அதைவிடக் குறைவா இருந்தா கைக்காசு கொடுக்கிறதே லாபம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம் ஒதுக்கி, மேட்டைத் தூக்கிப் பாருங்க!